கச்சான் அடித்த நாற்பது நாள்

கச்சான் காற்றைப் பற்றி வெளியூர்க்காரனிடம் சொன்னால் நம்பவே மாட்டான். கடலை வாசலில் வைத்திருக்கிற ஊரில் ஆடி, ஆவணியில் உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சேலை கால்மணி நேரத்தில் மொறமொறத்துப்போகும், சோற்றில் மண் நெறுநெறுக்கும் என்றால் சிரிக்கத்தானே செய்வான்? மேற்கே மலையில் மழையையெல்லாம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வருகிற காற்று அது. ஈரம் என்று பேருக்குக்கூட இருக்காது. உப்பளத்துக்காரர்களுக்கு அந்த ரெண்டு மாசமும் கொண்டாட்டம். அந்த வருஷம் அற்புதமணி டீச்சர் வீட்டுக்கும் ஒரு கொண்டாட்டத்தைக் கொண்டுவந்து போட்டது. நாசமாய்ப் போன கொண்டாட்டம்.

தூத்துக்குடியில் திரேஸ்புரத்துக்கு மேற்கே ஒரு நடுநிலைப்பள்ளியில் அற்புதமணி அறிவியல் டீச்சர். சாத்தான்குளத்துப் பிறப்பு. அப்பா, அத்தை, பெரியப்பா என்று வீடெல்லாம் வாத்திமார். புருஷன் கிருபாகரன் ஹார்பரில் லாஷிங் வேலை பார்த்தவன். கப்பலில் பெட்டி மேல் பெட்டியாக அடுக்கிய கண்டெய்னர்களைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிற வேலை அது. ஒரு மழைநாளில் மூன்றாவது பெட்டி உயரத்திலிருந்து கால் வழுக்கிவிட்டது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போய்விட்டது. ஒன்றரை வருஷம் ஆகிறது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவனைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். மூத்திரப் பையை மாற்ற வேண்டும். பள்ளிக்கூட நேரத்தில் பக்கத்து வீட்டு எமில்டா வந்து திருப்பிப் போடுவாள். எமில்டா கருவாடு விற்கிறவள். வாய் நீளம், கை சுத்தம்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் வேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. எட்டு மாதமாகக் காத்துக் கிடந்த இடம். கால் விழுந்துபோனவர்களை மூன்று மாதம் வைத்துப் பழக்குவார்கள். கட்டிலிலிருந்து தானே சக்கர நாற்காலிக்கு மாறலாம், யார் தயவும் இல்லாமல் குளிக்கலாம், வெளிக்குப் போகலாம். புதன்கிழமை வந்து சேர வேண்டும். திங்கள்கிழமை பத்து மணிக்கு போன் பண்ணுவோம், நோயாளியே பேச வேண்டும், வரவில்லை என்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது.

“நான் வரல,” என்றான் கிருபாகரன்.

“அத்தான், இத விட்டா இன்னும் ஒரு வருஷம் ஆவும்.”

“ஏளா, நடக்கப் போறவனுக்கு என்னத்துக்கு சக்கர நாற்காலி? ஒரு வருஷத்துல நான் ஹார்பருக்கே போயிருவேன். ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லுததுக்குப் பேரு குடுத்தாச்சு. பாஸ்டரே வந்து எழுதிட்டுப் போயிட்டாரு. காலுல உசுரு வருதுன்னு சபைக்கு முன்னால சொல்லிட்டு, மூணாம் நாளு சக்கர நாற்காலிக்குப் போனேன்னு வையி, ஆண்டவரு என்ன நெனைப்பாரு?”

சாட்சி என்றால், ஆராதனை முடிகிற நேரத்தில் எழுந்து நின்று ஆண்டவர் எனக்கு இன்னது செய்தார் என்று சபையாருக்குச் சொல்வது. பரீட்சையில் பாஸானவன் சொல்வான், பிள்ளை பெற்றவள் சொல்வாள். கிருபாகரனுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அந்த ஒன்றை அவனுக்குக் கொடுத்தது ஆண்டவர் இல்லை, அவன் பெண்டாட்டிதான். அதுதான் அற்புதமணியை அரித்துத் தின்றுகொண்டிருந்தது.

நாற்பது நாளைக்கு முன்னால் நடந்த கதை அது. அப்போது கிருபாகரன் சோற்றைத் தொடுவதை விட்டிருந்தான். சண்டை போடவில்லை, அழவில்லை. தட்டைக் கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். “எனக்குப் போட்டு என்னத்துக்குளா வீணாக்குத?” என்பான். கன்னம் ஒட்டி, கண் குழிவிழுந்து, ஆளைப் பார்க்கவே பயமாக இருந்தது. பத்து நாள் கஞ்சித் தண்ணீரில் ஓடியது. அற்புதமணி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே எமில்டாவிடமிருந்து போன் வந்திருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

ஜூலை மாதத்தில் ஒருநாள் சாயந்திரம் எட்டாம் வகுப்புக்கு நிலை மின்னியல் பாடம் எடுப்பதற்காக அவள் ஒத்திகை பார்த்தாள். வயரிங் வேலைக்கு வருகிற வெள்ளை பிளாஸ்டிக் பைப்பு ஒரு முழம். அதைத் தேய்க்கக் கம்பளி வேண்டுமே, தூத்துக்குடியில் கம்பளிக்கு எங்கே போக? கல்யாணமான புதிதில் ஊட்டியில் வாங்கிய மஃப்ளர் பீரோ அடியில் கிடந்தது, அதை எடுத்தாள். புருஷனைத் தனியே விடக் கூடாது என்று அவன் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து தேய்த்தாள். கச்சான் வீட்டைப் பிய்த்துக்கொண்டு அடித்தது. பைப்பில் பொறி பொரிவது காதுக்கே கேட்டது. எதேச்சையாகப் பைப்பு அவன் காலுக்குப் பக்கத்தில் போனது. முழங்காலுக்குக் கீழே அத்தனை ரோமமும் எழும்பி நின்றது.

“ஏளா!” கிருபாகரன் போட்ட சத்தத்தில் எமில்டா ஓடி வந்துவிட்டாள். “ஏளா, என் காலப் பாருளா! ரோமம் எழும்புது! ரோமம் எழும்புது!”

முதலில் அவன் கிடந்த ஆஸ்பத்திரி வார்டில், துடைத்துவிட வருகிற ஆள் ஒருவன் ஆறுதலுக்குச் சொல்லி வைத்திருந்தான்: அண்ணாச்சி, உணர்ச்சி வரும்போது மொதல்ல ரோமந்தான் எழும்பும், பொறவுதான் மத்ததெல்லாம். அதை இவன் நெஞ்சில் எழுதி வைத்திருந்தான் போலிருக்கிறது. போதாக்குறைக்கு அங்கே காலில் கரண்ட் வைத்தியமும் செய்து பார்த்திருந்தார்கள். “பைப்புல கரண்டு இருக்கு. அது என் காலக் கூப்புடுது, காலு பதில் சொல்லுது. செத்த காலுன்னா பதில் சொல்லுமா?” என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

அற்புதமணி வாயைத் திறந்தாள். அது வெறும் மின்னூட்டம், மரக்கட்டையில் ரோமம் ஒட்டி வைத்தாலும் எழும்பும் என்று சொல்லத்தான் திறந்தாள். அதற்குள் அவன், “கொழம்பு என்னது, சாளையா? மணக்கே. சோத்தப் போடு,” என்றுவிட்டான். மூன்று தரம் போட்டுத் தின்றான். இன்னும் ரெண்டு துண்டு மீன் வையி என்றான். அடப் பாவி மனுஷா, அந்த நேரத்தில் எவள்தான் உண்மையைச் சொல்வாள்? நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தாள். நாளைக்கும் அவன் தின்றான்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் ஆறரை மணிக்கு மகள் ஜெப்ஸி பைப்பை ஐம்பது தரம் தேய்த்துக் காட்ட வேண்டும். ரோமம் எழும்பும். அவன் அல்லேலூயா சொல்லுவான். எழும்பினது முழங்கால் வரைக்குமா, தொடை வரைக்குமா என்று விரலால் அளந்து பார்ப்பான். “யப்பா, இன்னைக்கு நேத்தைவிடக் கூட எழும்புது,” என்று ஜெப்ஸி குதிப்பாள். அவளுக்குப் பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பு, அம்மாவின் பள்ளிக்கூடம், அம்மாவின் வகுப்பு. அதனால்தான் அற்புதமணி நிலை மின்னியலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஒளி எடுத்தாள், வெப்பம் எடுத்தாள், நுண்ணுயிர்கள் எடுத்தாள். தலைமையாசிரியர் தேவபிரசாதம் சார் பாடக்குறிப்பு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், இந்த ஒரு பாடத்தச் சுத்தியே நடக்கீங்க? வெள்ளிக்கிழமை முடிச்சிருங்க,” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை முதல் பீரியட். முப்பத்திரண்டு பிள்ளைகள். அற்புதமணி பைப்பைத் தேய்த்து, கிழித்துப் போட்ட காகிதத் துணுக்குகளுக்கு மேலே காட்டினாள். துணுக்கெல்லாம் எம்பிக் குதித்து ஒட்டிக்கொண்டன. வகுப்பே எழுந்து நின்றுவிட்டது.

“டீச்சர், பேப்பருக்கு உசுரு வந்துட்டு!” என்று கத்தினான் பெனிஸ்டன். கறிக்கடைக்காரர் மகன், எதற்கும் முதல் ஆள்.

“உசுரும் இல்ல, ஒண்ணும் இல்ல. உக்காரு. எந்தப் பொருளை எடுத்தாலும் அதுக்குள்ள நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சரிக்குச் சரியா இருக்கு. சரிக்குச் சரியா இருக்கிறதால நமக்கு வெளிய தெரியாது. தேய்க்கும்போது கம்பளியில இருந்து கொஞ்சம் எலெக்ட்ரான் பைப்புக்குத் தாவிருது. எலெக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம். இப்பம் பைப்புல என்ன கூடியிருக்கு?”

“எதிர் மின்னூட்டம்!”

“கம்பளியில?”

“கொறைஞ்சுட்டு!”

“புதுசா எதுவும் பொறக்கல. இங்கன இருந்தது அங்கன போயிருக்கு. அவ்வளவுதான்.”

சுஜிதா கையைத் தூக்கினாள். “பேப்பர நாம தேய்க்கவே இல்லியே டீச்சர்? அது ஏன் வருது?”

நல்ல கேள்வி. மற்ற நாளாக இருந்தால் அற்புதமணி அவளைத் தட்டிக்கொடுத்திருப்பாள். “பைப்பு கிட்ட வந்ததும் பேப்பருக்குள்ள இருக்கிற எதிர் மின்னூட்டம் அந்தப் பக்கமாத் தள்ளிப் போவும். நேர் மின்னூட்டம் பைப்பைப் பாத்த பக்கம் கூடி நிக்கும். நேரும் எதிரும் ஒண்ணையொண்ணு இழுக்கும். பேப்பர் லேசு, அதனால ஓடி வருது.” சொல்லிக்கொண்டே அவள் மூன்றாவது பெஞ்சைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

மூன்றாவது பெஞ்சில் ஜெப்ஸி எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“டீச்சர்.” பள்ளிக்கூடத்தில் அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். “உசுரில்லாத தோலுல ரோமம் இருந்தா, அதுவும் எழும்புமா?”

“எங்க கடையில ஆட்டுத் தோலு கெடக்கு டீச்சர், எடுத்துட்டு வரட்டா?” என்றான் பெனிஸ்டன். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

ஜெப்ஸி சிரிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். அற்புதமணி பைப்பை மேசைமேல் வைத்தாள். இல்லை என்று சொல்லிவிடலாமா? பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பதினெட்டு வருஷத்தில் தெரிந்தே ஒரு தப்பை அவள் கரும்பலகையில் எழுதியதில்லை.

“எழும்பும்,” என்றாள்.

ஜெப்ஸி உட்கார்ந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

சாயந்திரம் ரெண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். ஐஸ் பேக்டரி தாண்டியதும் ஜெப்ஸி நின்றாள்.

“ஒனக்கு மொத நாளே தெரியும். என்னயும் சேத்து ஏமாத்திட்டேல்லா?”

“மெதுவா பேசு. அப்பா சாப்பிடாம கெடந்ததப் பாத்தேல்லா? நான் என்ன செய்யட்டும், சொல்லு.”

“இப்பம் ஆஸ்பத்திரிக்கும் போவ மாட்டேங்காவ. அதுக்கு என்ன செய்யப் போற?”

அற்புதமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். ஜெப்ஸி பின்னாலேயே வந்தாள்.

“நான் சொல்ல மாட்டேன் யம்மா. நீதான் சொல்லணும். ஆனா நான் இனிமே தேய்க்க மாட்டேன்.”

அன்றைக்குச் சாயந்திரம் கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு ஜெப்ஸி படுத்துக்கொண்டாள். ஒருநாள்தானே என்று கிருபாகரன் விட்டுவிட்டான்.

சனிக்கிழமை விடியும்போதே காற்றில் ஒரு பிசுபிசுப்பு. எமில்டா வாசலில் நின்று கடலைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். “கச்சான் நின்னுட்டு டீச்சரே! கொண்டல் திரும்பிட்டு. நேத்து காயப்போட்ட கருவாடு அம்புட்டும் சொதசொதன்னு கெடக்கு. இன்னும் நாலு நாளு இப்படி அடிச்சா நான் தெருவுலதான் நிக்கணும்.”

கொண்டல் என்றால் கிழக்கேயிருந்து கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற காற்று. அற்புதமணி உடனே பைப்பை நினைத்தாள். ஈரக்காற்றில் மின்னூட்டம் நிற்காது, கசிந்து ஓடிவிடும்.

மறுநாள் சாட்சி என்பதால் கிருபாகரனுக்குச் சாயந்திரம் முடி வெட்டிவிட்டாள். அவள்தான் வெட்டுவாள், கட்டில் ஓரத்தில் பேப்பரை விரித்துப்போட்டு. அவன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கிருதாவை எடு, பின்னால இன்னும் கொறை என்று மாப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். வெட்டி முடித்ததும், “ஜெப்ஸி, பைப்ப எடு,” என்றான்.

ஜெப்ஸி அடுக்களை வாசலில் நின்றாள், வரவில்லை.

“அவளுக்குக் கை வலி. குடு, நானே தேய்க்கேன்.”

ஐம்பது தேய்ப்பு. காலுக்கு மேலே பிடித்தான். ஒன்றுமில்லை. நூறு. ஒன்றுமில்லை. மஃப்ளரை உதறி மறுபடியும் தேய்த்தான். நெற்றியில் வேர்த்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ரோமம் அப்படியே படிந்து கிடந்தது.

“எழும்பு,” என்றான் காலைப் பார்த்து. “எழும்புல. நேத்து முந்தின நாளுகூட எழும்புனியே, எழும்புல!” பைப்பாலேயே காலை அடிக்க ஆரம்பித்துவிட்டான். அடி விழுகிற இடம் சிவந்தது. அவனுக்கு வலிக்கவில்லை. “ஆண்டவரே, நான் என்ன பாவம் செஞ்சேன்? நாளைக்குச் சாட்சி சொல்லப் போறேனே, இன்னைக்குப் போயி கைய விட்டுட்டீரே!”

அற்புதமணி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

“அடிக்காதீய அத்தான். ஆண்டவர் விடல. காத்து திரும்பிட்டு. ஈரக்காத்துல அது எழும்பாது.”

“காலுல உசுரு இருக்கதுக்கும் காத்துக்கும் என்னளா?”

“உசுரு இல்ல அத்தான்.” அவன் கையிலிருந்து பைப்பைப் பிடுங்கிக்கொண்டாள். “உசுருனால எழும்பல. எட்டாங்கிளாஸ் பாடம் அது. பைப்புல இருக்க மின்னூட்டம் ரோமத்த இழுக்கு, அவ்வளவுதான்.”

“பொய் சொல்லுத. ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறதுக்குப் பொய் சொல்லுத.”

அதற்கு மேல் வாய்ப்பேச்சு உதவாது என்று அவளுக்குத் தெரிந்தது. அடுக்களைக்குப் போய் பைப்பையும் மஃப்ளரையும் அடுப்புச் சூட்டில் எட்டப் பிடித்து ஈரம் போகக் காயவைத்தாள். திரும்பி வந்து அவன் கண் முன்னாலேயே தேய்த்தாள். கட்டில் ஓரத்துப் பேப்பரில் அவன் தலையிலிருந்து வெட்டிப்போட்ட முடி கிடந்தது. அதற்கு மேலே பைப்பைக் காட்டினாள்.

வெட்டுப்பட்ட முடியெல்லாம் நிமிர்ந்தது. நாலைந்து எம்பிப் பறந்து பைப்பில் ஒட்டியது.

கிருபாகரன் பைப்பிலிருந்து ஒரு முடியைக் கிள்ளி எடுத்தான். விரலில் வைத்துப் பார்த்தான்.

“ஒனக்கு எப்பம் தெரியும்?”

“மொத நாளே.”

“நாப்பது நாளு,” என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். “நாப்பது நாளு நான் கெடந்து அல்லேலூயா சொன்னேன். நீ அடுக்களையில நின்னு என்னளா செஞ்ச?”

“அழுதேன் அத்தான்.”

“சிரிக்காம இருந்தியே, அதுவே பெருசு.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ராத்திரிச் சோற்றுத் தட்டை அப்படியே தள்ளினான். ஞாயிற்றுக்கிழமை அவனைத் தூக்கிக்கொண்டுபோக வாலிப சங்கத்துப் பையன்கள் நாலு பேர் வெள்ளைச் சட்டையோடு வந்தார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அற்புதமணி அனுப்பி வைத்தாள். கோயில் மணி அடித்து முடிகிற வரைக்கும் அவன் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். மத்தியானம் எமில்டா நெத்திலிக் கருவாடு சுட்டு, கஞ்சியோடு கொண்டுவந்தாள். “யண்ணே, எனக்காவ ஒரு வாய். வேற எதுக்கும் வேண்டாம், நான் கருகிப்போவாம பாத்துப் பாத்துச் சுட்டதுக்காவ ஒரு வாய்,” என்று கெஞ்சினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அற்புதமணி திருப்பிப் போட்டாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். சொன்னது தப்பு, நானே கொன்னுட்டேன், நானே என் புருஷனைக் கொன்னுட்டேன் என்று அவள் புறவாசலில் உட்கார்ந்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். ஜெப்ஸி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திங்கள்கிழமை அற்புதமணி லீவு போட்டாள். பத்து மணி ஆனது. பத்தே கால் ஆனது. மறந்துவிட்டார்களோ என்று நினைக்கும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை ஓரத்தில் வைத்தாள். சின்னப் பெண் குரல்.

“வணக்கம், நோயாளி பேர் சொல்லுங்க.”

அவன் போர்வையை இழுத்துத் தோள்வரை போர்த்திக்கொண்டான்.

“கிருபாகரன்,” என்றாள் அற்புதமணி.

“அவங்களே சொல்லணும் மேடம். அவங்களுக்கு விருப்பம் இல்லைன்னா நாங்க கூப்பிட மாட்டோம். லைன்ல இருக்காங்களா?”

சுவர்ப்பக்கம் திரும்பிய முதுகுதான் தெரிந்தது. போனை எடுத்துவிடலாம் என்று அற்புதமணி கையை நீட்டினாள்.

“கிருபாகரன்,” என்றான் அவன்.

“வயசு?”

“நாப்பத்தி நாலு.”

“கால்ல தொட்டா தெரியுதா சார்?”

காற்று ஜன்னல் திரையைக் கட்டிலுக்கு மேலே தள்ளியது. ஜெப்ஸி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது நாளாக யார் கேட்டாலும், பாஸ்டர் கேட்டாலும் பால்காரன் கேட்டாலும், வருது வருது என்று சொன்ன வாய்.

“தெரியாது,” என்றான்.

“கொஞ்சம்கூடவா?”

“கொஞ்சங்கூட தெரியாது.”

“ரெண்டு காலுமா சார்?”

“ரெண்டும் செத்துட்டும்மா.” மூச்சை இழுத்துவிட்டான். “எனக்கு நடக்க வராது. உக்காந்து எந்திக்கதுக்காவது சொல்லிக் குடுப்பீயளா?”

“அதுக்குத்தான் சார் கூப்பிடுறோம். புதன்கிழமை வர்றீங்களா?”

“வாரேன்.”

போன் அணைந்தது. இந்தப் பதிலுக்காகத்தான் அற்புதமணி நாலு நாளாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். இது வந்துவிட்டால் போதும், முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொல்வேன் என்று நினைத்திருந்தாள். வந்ததும் அவள் முழங்காலில் நிற்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, வாய்விட்டு அலறி அழுதாள். ஒன்றரை வருஷத்தில் அந்த வீட்டில் அப்படி யாரும் அழுததில்லை.

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. அவள் ஓய்கிறவரைக்கும் காத்திருந்துவிட்டு, சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

“பசிக்கல. ஆனா குடு.”